பலாமரத்தை மிரட்டப் போனேன்

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. வீட்டுக்குப் பின்னால நிக்கிற பலாமரத்தை மிரட்டணும்.

சிரிக்காதீங்க. காய்க்காத மரத்தை மிரட்டினா காய்க்கும்ங்கிறது எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். ஒருத்தர் கோடாலியோட போய், "இந்தத் தண்ட மரத்தை இன்னைக்கு வெட்டாம விடமாட்டேன்"னு ஓங்கணும். இன்னொருத்தர் ஓடி வந்து கையைப் பிடிச்சு, "வேணாம், பாவம், அடுத்த தடவை காய்க்கும், நான் பொறுப்பு"ன்னு கெஞ்சணும். மரம் பயந்துபோய் காய்ச்சிரும். உரம் வேணாம், மருந்து வேணாம். கொஞ்சம் நடிக்கத் தெரிஞ்சாப் போதும்.

எனக்கு அதுதான் தெரியாது.

கண்டிக்குப் பக்கத்துல கட்டுகஸ்தோட்டையில இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசுல நான் நட்ட மரம் அது. நாவலப்பிட்டியில மாமியார் வீட்டுப் பலாக்கொட்டை. என் கைராசி பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். கொய்யா வச்சேன், செத்துப்போச்சு. மாதுளை வச்சேன், அதுவும் போச்சு. கறிவேப்பிலையை ரெண்டு தடவை வச்சு ரெண்டு தடவையும் கொன்னிருக்கேன். என் கையால மண்ணுல போட்டு உயிரோட நிக்கிறது இந்தப் பலா ஒன்னுதான். வேலை விட்டு வந்ததும் டீயைக் கையில எடுத்துக்கிட்டு அதுகிட்டப் போய் சும்மா நிப்பேன். எனக்கு அதைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

என் மனைவி சாந்திக்குப் பிடிக்காது.

"என்னங்க தருது அது? நெழல் தருது. இலை தருது. அந்த இலையை நான் கூட்டுறேன். வேற?"

வேற ஒன்னும் இல்லைதான். இத்தனை வருஷத்துல ஒரு பிஞ்சு கூட வைக்கலை. வேலிக்கு அந்தப் பக்கம் திலகரத்ன ஐயா வீட்டுப் பலா அடியில இருந்து நுனி வரைக்கும் காய்க்குது. அவர் ரயில்வேயில இருந்து ஓய்வு எடுத்த மனுசன், தங்கமானவர். காய்க்கிற காலத்துல வேலிக்கு மேலால ஒன்னு தூக்கிக் குடுப்பார். வாங்கும்போது சாந்தி நம்ம மரத்தை ஒரு பார்வை பார்ப்பா. பரீட்சையில பெயிலான பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு முன்னால வச்சுப் பார்ப்பாங்களே, அந்தப் பார்வை.

ஐப்பசி மழை தொடங்கினதும் கண்டியில ரோட்டோரமெல்லாம் கன்று விக்க ஆரம்பிச்சிட்டாங்க. சாந்தி ஒரு ஒட்டு ரம்புட்டான் வாங்கிட்டு வந்துட்டா. வந்தவ அதைப் பையோட கொண்டு போய்ப் பலாமரத்தடியிலயே வச்சா.

"மழை விடுறதுக்குள்ள நட்டாத்தான் வேர் பிடிக்கும்."

"எங்க நடப்போற?"

"இங்கதான்."

அவ காட்டினது பலா நிக்கிற இடத்தை. எங்க காணி மலைச்சரிவு. பின்பக்கத்துல சமமா இருக்கிறது அந்த ஒரு துண்டுதான். மரம் வெட்டுற ஆளுக்கும் சொல்லி வச்சிட்டதாச் சொன்னா.

கெஞ்சிப் பார்த்தேன். நடக்கலை. கடைசியில நான் யார்கிட்டப் போனேன்னு நெனைக்கிறீங்க? அவ அம்மாகிட்ட. நாவலப்பிட்டிக்குப் போன்ல கோல் எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அதை ஒரு தடவையாவது மெரட்டியிருக்கீங்களா?"

"இல்லைங்க அத்தை."

"அப்புறம் எப்படிக் காய்க்கும்? நீங்களும் யாரையும் மெரட்டுற ஆளாத் தெரியலை. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க."

கோடாலியோட பின்பக்கத்தால மெதுவாத் தட்டணும், வெட்டக்கூடாதுன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு முக்கியமானதைச் சொன்னாங்க. "நாடகம்னு மரத்துக்குத் தெரியவே கூடாது மாப்பிள்ளை. தெரிஞ்சுச்சோ, ஜென்மத்துக்கும் காய்க்காது."

அம்மா சொன்னதால சாந்தியும் இறங்கி வந்தா. ஞாயித்துக்கிழமை மிரட்டல். கார்த்திகை முடியிறதுக்குள்ள மொட்டு வைக்கணும். வைக்கலைன்னா பலா போகும், ரம்புட்டான் வரும்.

காலையில ஒத்திகை பார்த்தோம். மரத்துக்குக் கேக்கக்கூடாதுன்னு பின்பக்க ஜன்னலைச் சாத்தி, டீவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டு, நடு ஹோல்ல நின்னு குசுகுசுன்னு.

"நான் மூணாவது தட்டு தட்டினதும் நீ ஓடி வரணும். 'வெட்டாதீங்க, காய்க்கும், நான் பொறுப்பு'ன்னு சொல்லணும்."

"அந்தக் கடைசி வார்த்தை மட்டும் வேணாம்."

"எது?"

"பொறுப்பு."

சாந்தி வேலை செய்யிறது டவுன்ல, கடனுக்கு வண்டி குடுக்கிற ஒரு லீசிங் கம்பெனியில. அடுத்தவனுக்குப் பிணை நின்னுட்டு வந்து அழுகிறவங்களைத் தினமும் பார்க்கிறவ.

"நான் யாருக்கும் பிணை நிக்க மாட்டேங்க. கூடப் பொறந்த தம்பிக்கே நிக்கலை."

"மரத்துக்குத்தானே சாந்தி."

"காய்ச்சாலும் காய்க்கலாம்னு வேணும்னா சொல்றேன்."

இப்படிக் கெஞ்சினா நானே வெட்டிருவேன்.

அடுத்தது கோடாலி. திலகரத்ன ஐயா வேலிப்பக்கம் நின்னு புல்லுப் பிடுங்கிட்டு இருந்தார். மெதுவாப் போய், "ஐயா, உங்க கோடாலியைக் கொஞ்சம் தாறீங்களா?"ன்னு கேட்டேன். அவர் அட்டன் ஸ்டேசன்ல இருந்த ஆள். தமிழ் நல்லாவே பேசுவார், ஐயான்னு கூப்பிடுற 'மாத்தயா' மட்டும் சிங்களத்துல வரும்.

"எதுக்கு மாத்தயா?"

விறகு கொத்தன்னு சொல்ல வாயெடுத்தேன். முதுகுக்குப் பின்னால சாந்தி தொண்டையைச் செருமினா. நாலடி தள்ளி மரம் நிக்குது. நான் விறகுன்னு சொன்னா அது நிம்மதியா இருந்திருமே.

அதனால குரலை உசத்தி, கொஞ்சம் மரத்துப் பக்கம் திரும்பிச் சொன்னேன். "இந்தப் பலாவை வெட்டப் போறேன் ஐயா. இன்னைக்கே. அடியோட."

மனுசன் முகம் வெளிறிப்போச்சு.

"சோறு போடுற மரம் மாத்தயா. அதை வெட்டலாமா?"

"இது சோறு போடலையே. சும்மா நிக்குது."

"கோடாலி மகன் வீட்டுல இருக்கு"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ளே போயிட்டார். கோடாலி அவர் கோழிக்கூட்டுல சாஞ்சு நின்னது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

சரின்னு, மழைக்குப் பைக்கை வீட்டுலயே விட்டுட்டு பஸ் ஏறி மடவளைக்குப் போனேன். என்னோட ஒபீஸ்ல வேலை செய்யிற ரிஸ்வான் நானா வீடு அங்கதான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்க பக்கம் நானான்னுதான் கூப்பிடுவோம். அவர் கோடாலியைக் குடுத்துட்டு நான் பிடிச்ச பிடியைப் பார்த்தார்.

"இதால எதை வெட்டப் போறீங்க?"

"ஒன்னையும் வெட்ட மாட்டேன் நானா."

"அல்ஹம்துலில்லாஹ்"ன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ல நல்ல கூட்டம். கோடாலியைப் பேப்பர்ல சுத்தித்தான் வச்சிருந்தேன், ஆனா மழை ஈரத்துல பேப்பர் கிழிஞ்சு வாய் மட்டும் வெளிய எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஏறினதும் ஒரு அம்மா எழும்பி இடம் குடுத்துட்டாங்க. பக்கத்து சீட்டுல இருந்தவரும் எழும்பிட்டார். கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ரெண்டு சீட்டுல நான் ஒருத்தனா உக்காந்து வந்தேன். வாழ்க்கையில முதல் தடவையா என்னைப் பார்த்து நாலு பேர் பயந்தாங்க. அந்தத் தெம்புலயே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு மரத்துக்கு முன்னால போய் நின்னேன். சாந்தி அடுப்படிக் கதவுக்குப் பின்னால தயாரா நின்னா.

"ஏய் மரமே"ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பமே சரியில்லை. எங்க ஒபீஸ்ல பியோனைக் கூட நான் ஏய்னு கூப்பிட்டது கிடையாது. "உன்னை இத்தனை வருஷமா வளத்து என்ன பிரயோசனம்? இன்னைக்கு உன்னை விடமாட்டேன்." ஒரு தட்டு.

"கேக்குதா?" ரெண்டாவது தட்டு.

"வெட்டியே தீருவேன்." மூணாவது தட்டு.

சாந்தி வரலை.

"வெட்டப் போறேன்னு சொன்னேன்." நாலாவது தட்டு. "இப்ப வெட்டிருவேன்." அஞ்சாவது. கதவுப் பக்கம் பார்த்து, "யார் தடுத்தாலும் கேக்க மாட்டேன்"ன்னு கத்தினேன். உள்ளேயிருந்து சாந்தி போன்ல பேசுற சத்தம் மட்டும் வந்துச்சு. "ஆமாம்மா, ஆரம்பிச்சிட்டாரு. இல்லம்மா, குரல் ஒன்னும் பத்தலை."

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். கோடாலியை நல்லா ஓங்கி ஒரே போடு போட்டேன்.

அத்தை சொன்னது பின்பக்கத்தால. நான் போட்டது முன்பக்கத்தால.

கோடாலி மரத்துல இறங்கி அப்படியே நின்னுருச்சு. வெள்ளை வெள்ளையாப் பால் வடிய ஆரம்பிச்சுது. நான் நட்ட மரத்தை நானே வெட்டிட்டேனே. பதறிப்போய்க் கோடாலியை இழுத்தேன், வரலை. வடிஞ்ச பால் கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. பலாப்பால் பத்தித் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலைத் தூக்கி மரத்துல ஊன்றிக்கிட்டு, முக்கி முக்கி இழுத்தேன்.

அப்பத்தான் வேலிக்கு மேலால திலகரத்ன ஐயா தலை தெரிஞ்சுது. கண்ணெல்லாம் கலங்கியிருக்கு.

"வேணாம் மாத்தயா. வெட்ட வேணாம். பாவம். அடுத்த தடவை காய்க்கும். நான் பொறுப்பு."

நான் அசந்து போயிட்டேன். யாரும் சொல்லிக்குடுக்காம ஒரு எழுத்துப் பிசகாம அப்படியே சொன்னார். சாந்தி சொல்ல மாட்டேன்னு அடம் பிடிச்ச வார்த்தையையும் சேர்த்து. முறைப்படி நான் இப்பக் கோடாலியைக் கீழே போட்டு, "சரி, உங்களுக்காக விடுறேன்"ன்னு சொல்லணும். கோடாலி வந்தாத்தானே போடுறதுக்கு. நான் இன்னும் பலமா இழுத்தேன்.

"ஐயோ, நிப்பாட்ட மாட்டேங்கிறாரே"ன்னு அவர் தலையில கையை வச்சுக்கிட்டார்.

அந்த நேரம் முன்பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம். ஜீ.எஸ்., அதாவது எங்க பகுதி கிராம உத்தியோகத்தர், மழைக்கோட்டோட பின்பக்கமா வந்து நிக்கிறார். கோழிக்கூட்டுல கோடாலியை வச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்ன மனுசன் உள்ளே போய்க் கோல் எடுத்தது இவருக்குத்தான். ஜீ.எஸ். சிங்களத்துல பேசினார். உங்களுக்கு நான் தமிழ்ல சொல்றேன்.

"பர்மிட் எங்க?"

"என்ன பர்மிட் சேர்?"

"பலா வெட்ட பர்மிட் வேணும். உங்க காணியா இருந்தாலும், நீங்க நட்ட மரமா இருந்தாலும். இல்லாம வெட்டினா கோட்டு, வழக்குன்னு போகணும், தெரியாதா?"

சத்தியமாத் தெரியாது. காலை மரத்துல இருந்து எடுத்தேன். கையை எடுக்க முடியலை.

"சேர், நான் உண்மையில இதை..."ன்னு தொடங்கினேன். இடுப்புல சுளீர்னு ஒரு கிள்ளு. சாந்தி எப்ப வந்தாளோ தெரியாது.

"மரம்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா.

"உண்மையில என்ன?"ன்னார் ஜீ.எஸ்.

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நான் வெட்டப் போறேன்னு மரம் நம்பணும். வெட்ட மாட்டேன்னு ஜீ.எஸ். நம்பணும். ரெண்டு பேரும் எனக்கு ஒரு கை தூரத்துல நிக்கிறாங்க.

"உண்மையில... வெட்டத்தான் போறேன் சேர்"ன்னு சொல்லிட்டு ஒரு கண்ணடிச்சேன்.

அவருக்குப் புரியலை. நல்லாப் புரியட்டும்னு இன்னொரு தடவை அடிச்சேன்.

மனுசன் முகம் சிவந்துபோச்சு. "என்ன கண்ணடிக்கிறீங்க? என்னைக் கவனிச்சு அனுப்பலாம்னு நெனைக்கிறீங்களா?"

"ஐயோ, அது இல்லை சேர்."

"அப்ப என்ன?"

நான் மரத்தைப் பார்த்தேன். மரம் பாலை வடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

சாந்திதான் நடுவுல புகுந்தா. "சேர், முன்னுக்கு வாங்க. ஒரு டீ குடிச்சுட்டுப் பேசுவோம்."

"டீயா?" அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு. ஆனா சாந்தி லீசிங் கம்பெனிக்காரி. முறைச்சுக்கிட்டு வர்ற எத்தனையோ பேரை உக்கார வச்சவ. கூட்டிட்டுப் போயிட்டா.

நான் கோடாலியில ஒட்டின கையோட அங்கேயே நின்னேன். மழையும் தூற ஆரம்பிச்சிருச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் திலகரத்ன ஐயா, "கோபத்தை அடக்கணும் மாத்தயா. மூச்சை இழுத்து விடுங்க"ன்னு புத்தி சொல்லிக்கிட்டு நின்னார். அவருக்குக் கூட உண்மையைச் சொல்ல முடியாது. மூச்சை இழுத்து விட்டேன்.

முன்பக்கம் இருந்து திடீர்னு ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். திரும்பி வரும்போது ஜீ.எஸ். முகத்தை இறுக்கமா வச்சுக்கிட்டுத்தான் வந்தார். எனக்குப் பக்கத்துல வந்து காதுக்குள்ள, "எங்க அம்மா எலுமிச்சைக்குச் செய்வாங்க. நான்தான் கோடாலி பிடிப்பேன்"ன்னார். பிறகு மழைக்கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, மரத்துக்கு நேரா நின்னு, ஒபீஸ் குரல்ல சிங்களத்துல பேச ஆரம்பிச்சார். "இந்த மரத்தை வெட்டக் கேட்டிருக்காங்க. நான் நேர்ல வந்து பார்த்தேன். வர்ற பருவத்துல காய்க்கலைன்னா வெட்ட நானே சிபாரிசு பண்ணுவேன்."

எனக்கே பயமாப் போச்சு. சாந்தி மட்டும் மெதுவா அவர் பக்கம் சாஞ்சா.

"சேர், இது நாவலப்பிட்டிக் கொட்டை. தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தது. இதுக்குச் சிங்களம் விளங்குமோ தெரியாது."

ஜீ.எஸ். ஒரு நிமிசம் யோசிச்சார். நியாயந்தான்னு பட்டிருக்கணும். என் பக்கம் திரும்பி, "மொழிபெயருங்க"ன்னார்.

நான் ஒபீஸ்ல செய்யிறதே அந்த வேலைதான். சிங்களக் கடிதங்களைத் தமிழுக்கு மாத்துறது. இத்தனை வருஷப் பழக்கம், வாயைத் திறந்ததும் அதுவா வந்துருச்சு.

"மேற்படி மரமாகிய தாங்கள், எதிர்வரும் பருவத்தில் காய்க்கத் தவறும் பட்சத்தில், தங்களை அகற்றுவதற்கான நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும் என்பதை இத்தால் அறியத் தருகின்றேன்."

"தாங்களா?"ன்னா சாந்தி. "இவ்வளவு மரியாதையாச் சொன்னா அது எப்படிங்க பயப்படும்?"

திலகரத்ன ஐயாவுக்கு அப்பத்தான் விசயம் பிடிபட்டுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வேலியைப் பிடிச்சுக்கிட்டு, "நான் பொறுப்பு சேர். இதுக்கு நான் பொறுப்பு"ன்னு இந்தத் தடவை ராகம் போட்டே சொன்னார்.

"நல்லா யோசிச்சீங்களா ஐயா?"ன்னு சாந்தி கேட்டா. பழக்கம் விடாதே.

எல்லாம் சுபமா முடிஞ்சுதுன்னு நெனைச்சு ஜீ.எஸ்.ஸை வழியனுப்பக் கேட் வரைக்கும் போனோம். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சு என் கையை ஒருவழியாக் கழட்டியாச்சு. கோடாலியையும் அவரே ஒரு ஆட்டு ஆட்டி எடுத்துக் குடுத்துட்டார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால சாந்தி மெதுவாக் கேட்டா.

"சேர், அது காய்க்கவே இல்லைன்னு வைங்க. அப்பப் பர்மிட் எடுத்து வெட்டலாம்தானே? ஒரு ரம்புட்டான் நடணும்."

"ரம்புட்டானுக்காகவா? கிடைக்காது மிஸ். வீட்டு மேல விழுற மாதிரி சாஞ்சிருந்தாப் பரவாயில்லை. இது கம்பு மாதிரி நேரா நிக்குது. காய்ச்சாலும் காய்க்காட்டியும் வெட்ட விட மாட்டாங்க."

சொல்லிட்டுப் போயிட்டார்.

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம் பொங்குச்சு. ரோட்டுல இறங்கி ஓடலாம் போல இருந்துச்சு. ஆனா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "அடடா"ன்னேன். இன்னைக்கு நான் ஒழுங்கா நடிச்சது அது ஒன்னுதான்.

அதுவும் எடுபடலை.

"சந்தோசமா?"ன்னா சாந்தி.

"ச்சே. உன் ரம்புட்டானை நெனைச்சாக் கவலையா இருக்கு."

"கவலைப்படாதீங்க. இடம் இருக்கு."

அவ காட்டினது முன்பக்கத்துல நான் பைக் நிப்பாட்டுற இடத்தை. மத்தியானம் பூரா மழையில நனைஞ்சுக்கிட்டுக் குழி வெட்டினேன். மக்கிப்போன இலை போடச் சொன்னா, போட்டேன். கம்பு நட்டுக் கட்டச் சொன்னா, கட்டினேன். ரம்புட்டான் இப்ப ராணி மாதிரி நிக்குது. என் கைபட்டதால சாந்திக்குக் கொஞ்சம் பயம் இருக்கு. என் பைக் ரோட்டோரத்துல ஒரு பொலித்தீன் விரிப்பைப் போத்திக்கிட்டு நிக்குது.

சாயந்தரம் சாணியும் மண்ணும் குழைச்சு எடுத்துட்டுப் போய்ப் பலாவோட வெட்டுல பூசி விட்டேன். பெரிய காயமில்லை, ஆறிடும். ஆனாலும் கையை வச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. மன்னிச்சிருன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடுப்படி ஜன்னல்ல சாந்தி நின்னுக்கிட்டு, உதட்டுல விரலை வச்சுக் காட்டினா. நான் முறைக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டே பூசி முடிச்சேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரம் அத்தை கோல் எடுத்தாங்க. நடந்ததெல்லாம் கேட்டுட்டு, "பர்மிட் கிடைக்காதுங்கிறதை அதுக்கு முன்னால யாரும் சொல்லலையே?"ன்னு மட்டும் கேட்டாங்க. இல்லை அத்தை, முன்பக்கம் கேட் கிட்ட நின்னுதான் பேசினோம்னேன். "அப்பச் சரி"ன்னாங்க.

ஆக, வெட்ட முடியாதுங்கிறது இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், மரத்தைத் தவிர. அந்தப் பக்கம் வந்தீங்கன்னா தயவு செஞ்சு மெதுவாப் பேசுங்க.